உடையாமல் கொண்டுபோன கொப்புளம்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர் கணக்கு என் வேலை. என் மனைவிக்கு முதலில் வாயில்தான் புண் வந்தது. மோரும் குழைந்த சோறும் தவிர எதுவும் இறங்கவில்லை. பிறகு முதுகிலும் கைகளிலும் நீர் கோத்த கொப்புளங்கள். இப்போது கொப்புளம் என்று எழுதுகிறேன். அன்று வீட்டில் அக்கி என்றுதான் சொன்னோம். குயவரை வரவழைத்துக் காவியால் அக்கி எழுதியும் அடங்கவில்லை. தொத்திக்கொள்ளுமோ என்று பயந்து, மூன்று வயது மகளைச் சேத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டோம். விடச் சொன்னது மனைவிதான். விட்டுவிட்டு வந்த பிறகு அவள் சரியாகத் தூங்கவில்லை.

ராஜபாளையத்துத் தோல் டாக்டரிடம் போகும் நாளன்று தலைக்குக் குளித்து, ஊசியைச் சுட்டு எல்லாக் கொப்புளங்களையும் உடைத்து, மஞ்சள் பூசிக்கொண்டு கிளம்பினாள். அசுத்தமாக அவர் முன் போய் உட்காரக் கூடாது என்பது அவள் எண்ணம்.

டாக்டர் அவள் கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். “விருந்தாளி வர்றாங்கன்னு வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி வந்திருக்கீங்களேம்மா! புதுசா ஒண்ணு வரட்டும். உடைக்காம அன்னிக்கே வாங்க. அதுல துளி தோல் எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் இது என்னன்னு சொல்ல முடியும்.”

அன்று மாலை சாமி படத்துக்கு முன் விளக்கேற்றியவள் அப்படியே நின்றாள். “இனி வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தேன். இப்ப ஒண்ணே ஒண்ணு வரட்டும்னு எப்படிக் கேக்க?”

கேட்டாளோ என்னவோ, அந்த வாரமே முன்கையில் ஒன்று வந்தது. அன்றே ராஜபாளையம் கிளம்பினோம். பஸ்ஸில் நல்ல கூட்டம். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி நின்றாள்.

பக்கத்தில் கூடையுடன் நின்ற அம்மாள் கேட்டாள்: “ஏட்டி, பஸ்ஸுக்குள்ள ஏறின பொறவும் எதுக்குக் கைகாட்டுத?”

“கொப்புளம் ஆச்சி. உடையக் கூடாது.”

அவ்வளவுதான். அத்தனை கூட்டத்திலும் எங்களைச் சுற்றி இடம் உண்டானது. “நல்லதாப் போச்சு,” என்றாள் மனைவி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, கொப்புளத்தின் ஓரத்தில் மிளகளவு தோலை எடுத்து ஒரு மருந்துக் குப்பியில் போட்டார். அடுத்துக் கத்தியைச் சற்றுத் தள்ளி, ஒரு கீறலும் இல்லாத இடத்தில் வைத்தார். அவள் கையை இழுத்துக்கொண்டாள். “டாக்டர், அது நல்ல தோலு!”

“அதான் வேணும்மா. கொப்புளத்துல எல்லாம் கலைஞ்சு கெடக்கும். கலையாத எடத்துலதான் காரணம் அப்படியே இருக்கும்.”

அந்த நல்ல தோலை உப்பு நீர்க் குப்பியிலிட்டு, ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்துக் கொடுத்தார். நானே இரண்டையும் மதுரை ஆய்வகத்தில் ஒப்படைத்தேன். முடிவு வாங்கப் போன அன்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் நானும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் மறுக்கவில்லை.

முதல் கண்ணாடியில் கொப்புளத்தின் ஓரம். ஒன்றையொன்று பிடித்திருக்க வேண்டிய செல்கள் பிடி விட்டுத் தனித்தனியாக மிதந்தன. பிறகு அறை விளக்கை அணைத்து, அந்த நல்ல தோலைக் காட்டினார். கும்மிருட்டில் பச்சையாக ஒரு வலை ஒளிர்ந்தது. ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு கண்ணி, எங்கும் அறுபடவில்லை.

“அவங்க ரத்தத்துல உண்டான ஒண்ணு, செல்லும் செல்லும் ஒட்டியிருக்கிற இடத்துல போய் உக்காந்து அந்தப் பிடியை விடுவிக்குது. அது இருக்கிற இடத்துல மட்டும் நாங்க போட்ட சாயம் ஒளிருது. கிருமி எதுவும் இல்ல.”

நான் கண்ணை எடுக்கவில்லை. சோறு வடித்த கை, மகளைக் குளிப்பாட்டிய கை, பஸ்ஸில் யாரும் நெருங்காத கை. மாசில்லை என்று நாங்கள் நினைத்த இடமெல்லாம் இந்த வலை விரிந்திருந்திருக்கிறது. ஒரு வியாதி இத்தனை அழகாக இருக்கக்கூடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்படி நினைத்ததற்கே கூச்சமாக இருந்தது.

“போதும் சார்,” என்றார் டாக்டரம்மா. “ரொம்ப நேரம் வெளிச்சத்துல வச்சா மங்கிரும்.”

மறுநாள் ராஜபாளையத்து டாக்டர் முடிவைப் படித்தார். பெம்பிகஸ் என்றார். லேசான வியாதி இல்லை, ஆனால் மருந்து இருக்கிறது, பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். மனைவி ஒன்றுதான் கேட்டாள். “தொத்துமா?”

“தொத்தாதும்மா. உங்க உடம்புலயே உண்டானது. யாருக்கும் போகாது.”

“பிள்ளையத் தூக்கலாமா?”

“புண்ணுல இடிக்காமப் பாத்துத் தூக்குங்க.”

வெளியே வந்ததும் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைப் பக்கம் திரும்பினேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மாத்திரை பொறவு வாங்கலாம். மொதல்ல சேத்தூர் பஸ் எங்கன நிக்குன்னு பாருங்க.”