இடப்பக்கக் கயிறு

2011 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை, காலை 8.20. பாரிசில் எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லாசப்பலில் தூறல், குடையை விரித்தாலும் தொல்லை, விரிக்காவிட்டாலும் தொல்லை. பெட்டியோடு வீட்டிலிருந்து இறங்கியபோது கீழ்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, வெள்ளையளின்ர திருவிழாவுக்கோ? எங்கட கோயில் தேருக்கு நீங்கள் ஒரு நாளும் வடம் பிடிச்சதைக் காணேல்லை."

"அது என்ர ஊர்," என்றேன். அவர் சிரித்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. பிரான்சின் மேற்கே பிரெத்தாஞ் கரையில் ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் சின்னத் துறைமுக ஊர் அது. மத்தி மீனைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அங்கே பதினான்கு வருடம் கணக்கு எழுதினேன். 2004இல் அது மூடப்பட்டதும் மகளோடு இருக்கப் பாரிசுக்கு வந்தேன்.

உண்மையில் அது இரண்டு ஊர். மேட்டில் கடைக்காரர்களும் வழக்கறிஞர்களும். கீழே துறைமுகத்தில் மீனவர்களும் தொழிற்சாலைக்காரர்களும். தங்கள் தாய்மொழியான பிரெத்தோனைப் பள்ளியில் பேசியதற்காகப் பிள்ளைகள் அடி வாங்கிய காலத்தைக் கீழே இருப்பவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஊரின் புனிதர் கல்தோணியில் கடல் கடந்து வந்தவராம். முதலில் கால் வைத்தது தங்கள் கரையில்தான் என்பது துறைமுகத்தாரின் வாதம். அதனால் திருவிழா ஊர்வலத்தில் அவர்களுக்குத் தனிக் கொடி. ஒருவர் கம்பத்தை ஏந்த, இருபுறமும் தொங்கும் கயிறுகளை இருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடற்காற்றில் கொடி சாய்ந்துவிடும்.

இடப்பக்கக் கயிற்றை ஆறு வருடம் நான் பிடித்தேன். துறைமுகத்தானிடம் சமயம் கேட்பதில்லை என்று சொல்லி என்னைச் சேர்த்தவர், தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த நண்பர். இந்த வருடமும் கயிறு எனக்குத்தான் என்று ஜூனில் தொலைபேசியில் மூன்று முறை சொன்னவரும் அவர்தான்.

ஞாயிறு காலை தேவாலய வாசலில் கொடி நின்றது. இடப்பக்கக் கயிறு அவருடைய மருமகன் கையில் இருந்தது.

ஏனென்று கேட்டேன். நண்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ இப்போது பாரிஸ்காரன்."

அந்த ஊரில் அதைவிடப் பெரிய வசை இல்லை. கோடையில் வந்து, வீடு வாங்கி, விலையை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்கு வைத்த பெயர். அவரோடு சேர்ந்து நானும் அவர்களை எத்தனையோ முறை பழித்திருக்கிறேன். மருமகன் பிறந்ததே பாரிசில்தானே என்றேன். எங்கள் பெண்ணைக் கட்டியவன், அது வேறு என்றார். ஜூலையிலேயே முடிவாகிவிட்டதாம். அப்படியானால் எனக்கு ஏன் அறிவிக்கவில்லை?

"சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய். உண்டியல் எண்ண ஆள் வேண்டுமே."

கொடி கடலை நோக்கி இறங்கியது. நான் தேவாலயத்தின் பக்க அறையில் உட்கார்ந்து சில்லறையை எண்ணினேன். எண்ணாமல் திரும்பியிருக்கலாம். ஆனால் உண்டியல் பணம் மேட்டுக்கும் துறைமுகத்துக்கும் பிரிவது; மேட்டுக்காரர் எவராவது எண்ணினால் துறைமுகத்தின் பங்கு குறைந்துவிடும் என்ற பயம் எனக்கு. இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் ஒரே தொகை. நண்பர் திரும்பி வருமுன் உண்டியல் சாவியைப் பாதிரியாரிடம் கொடுத்துவிட்டேன். பந்திக்கு நிற்கவில்லை.

என் பயணச்சீட்டு திங்கட்கிழமைக்கு. மாற்ற முடியாது என்றார்கள் ரயில் நிலையத்தில். போகவர ரயில் 124, இரண்டு இரவுக்கு அறை 96, படுத்தது ஓர் இரவு. ஊர்வலத்தில் போட்டு நடக்கவென்று வாங்கிய கறுப்புச் சப்பாத்து 79. அன்று மாலை புதிதாக எடுத்த சீட்டு 83. மொத்தம் 382 யூரோ.