அகழிக்குள் ஒரு சீதன வீடு

லண்டன் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய மாளிகையில் மிஞ்சியிருந்தவை ஒரு பக்கக் கட்டடமும், கறுத்த மரச்சட்டங்களும், மூன்று பக்க அகழியும்தான். நான்காவது பக்கத்தை நகரக் கவுன்சில் மூடிக் கார் நிறுத்துமிடமாக்கியிருந்தது. பாசித் தண்ணீரில் கடைத் தள்ளுவண்டி ஒன்று தலைகீழாகக் கிடந்தது. இதைத்தான் இங்கிலாந்தின் பெருமை என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தங்கச்சியைக் காட்ட அந்த இடத்தைத் தெரிந்தெடுத்தது நான்தான். கோயிலில் காட்டிச் சரிவராவிட்டால் நாங்கள் குடியிருந்த செவன் கிங்ஸ் முழுக்கக் கதை பரவிவிடும். மாளிகை, அவர்கள் குடியிருந்த ஹரோவுக்கும் கிட்ட. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் நான்தான் கதைக்க வேண்டும். நூலகத்தில் மாளிகையின் வரலாற்றைப் படித்துத் தயாராகப் போனேன்.

மாப்பிள்ளை சப்பாத்தில் சேறு படாமல் நிற்பதிலேயே கவனமாக இருந்தார். அவருடைய மாமா, எங்கள் அம்மா பொரித்துத் தந்த பற்றீஸ் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்தார்.

“தம்பி, உந்த வீடு ஆற்ற?”

சொன்னேன். முதலில் ஓர் ஆயர். கடவுளுக்கு ஊழியம் செய்தவருக்கு அகழி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அரசன் அதைப் பறித்துத் தன் அடிவருடி ஒருவனுக்குக் கொடுத்தான். அவனுக்கு மகன் இல்லை. மகளோடு சேர்த்து மாளிகையையும் மருமகனிடம் ஒப்படைத்தான். மருமகன் அதை அடகு வைத்துத் தின்றான். பின்னால் வந்தவர்கள் கூடத்தில் வைக்கோல் அடுக்கினார்கள். இத்தனை பேரில் மதிக்கத்தக்கவன் ஒருவனும் எனக்குத் தென்படவில்லை. அதை மறைக்காமலே சொன்னேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. “பாத்தியளே, வெள்ளைக்காரனும் சீதனம் வாங்கினவன்தான்! அப்ப உங்கட செவன் கிங்ஸ் வீட்டை எப்ப எங்கட பெடியன்ர பேருக்கு மாத்துறியள்?”

நானும் தங்கச்சியும் மாறி மாறி ஷிப்ட் அடித்து வாங்கிய வீடு அது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேறு கூரை கிடையாது. இவ்வளவு நேரம் நான் இகழ்ந்ததையெல்லாம் அந்த மனிதர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சிதான் பேசினாள். “அண்ணை, மாளிகையோட குடுத்த அந்தப் பிள்ளைக்குப் பேந்து என்ன நடந்தது?”

“தெரியாது. பேர்கூட ஒருத்தரும் எழுதேல்லை.”

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

அவர் சப்பாத்தைப் பார்த்தார். “மாமாவைக் கேளுங்கோ.”

“ஓம், அவருக்கு வீடு வேணும். உங்களுக்கு என்ன வேணுமெண்டு உங்களுக்கே தெரியாது. எனக்கு உங்களைக் கட்ட ஏலாது. வாங்கோ அண்ணை, பஸ் வரப்போகுது.”

“பிள்ளைக்கு வாய் கூட,” என்றபடி மாமா அடுத்த பற்றீசுக்குக் கையை நீட்டினார்.

நான் பெட்டியை மூடி அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.