பிடிக்காவிட்டால் அழித்துப் பதியலாம்

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஹெவி மெட்டல் என்ற காதைப் பிளக்கும் மேற்கத்திய இசைக்குக் கேசட் கம்பெனி நடத்தியவர்கள் யார் யார் என்று தேடினால், நானும் என் நண்பனும்தான் தேறுவோம். கம்பெனி என்பது பழங்காநத்தத்தில் அவன் வீட்டு மாடி அறையும் இரண்டு டேப் ரெக்கார்டர்களும். நாகமலை புதுக்கோட்டையில் பல்கலைக்கழக விடுதியில் இருந்த வெளியூர்ப் பையன்களிடமிருந்து எங்களுக்குத் தொற்றிய பைத்தியம் அது. அவன் கிதார் வாசிப்பான். எனக்கு ஒன்றும் வாசிக்கத் தெரியாது, ஆகவே முதலாளி ஆனேன்.

அவனுக்கு வடக்கே ஓர் உருக்காலையில் வேலை உறுதியாகியிருந்தது. போனபின் கிதாரைத் தொட நேரமிருக்காது என்று அவனுக்கே தெரியும். கிளம்புவதற்குள் தன் பாட்டுகள் ஒரு கேசட்டில் நின்றுவிட வேண்டும், அவன் கேட்டது அவ்வளவுதான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். ஒன்றைக் கேட்டு வாங்கி, மணமேடையில் விடுதிப் பையன் ஒருவனையும் அவன் டிரம்ஸையும் ஏற்றிப் பதிவு செய்தோம். அலங்காநல்லூரிலிருந்து வந்த மைக் செட்காரர் கிதாரின் கரகரப்பைப் பழுதென்று நினைத்து அடிக்கடி வயரைக் கழற்றி மாட்டினார். கூலியோடு அவருக்கும் ஒரு கேசட் கொடுத்தோம்.

விற்பதுதான் பெரும்பாடு. கேசட்டின் விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. பாட்டுக் கம்பெனிகள் உடைத்துத்தான் அனுப்பும். எங்கள் பாட்டைக் கேட்ட கடைக்காரர்கள், உடைத்தால் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். நண்பன்தான் வழி சொன்னான்.

"உடைக்க வேணாம் மாப்ள. புடிக்கலைன்னா அழிச்சிட்டு வேற பாட்டு பதிஞ்சுக்கிறட்டும்."

அதையே அட்டையிலும் அச்சடித்தோம். கேசட் எல்லாம் விற்றுப் போய்விட்டது. ஊருக்கு ரசனை வந்துவிட்டதாக நான் பீற்றிக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து விடுமுறையில் வந்தவன் தன் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டான். அவன் பிரதியில் அவன் அப்பா ரேடியோவிலிருந்து கும்பாபிஷேக வர்ணனையைப் பதிந்து வைத்திருந்தார். மூலக் கேசட்டில் அவன் தங்கை சினிமாப் பாட்டு நிரப்பியிருந்தாள். அட்டையைப் படித்துவிட்டுத்தான் செய்தாளாம். என் பிரதியை டேப் ரெக்கார்டர் மென்று துப்பியிருந்தது. எனக்கு யார் மீதென்று தெரியாமல் கோபம் வந்தது. அவன் கோபப்படவில்லை. அலங்காநல்லூருக்குப் போய்ப் பார்ப்போம் என்றான்.

மைக் செட்காரர் கேசட்டைத் தேடி எடுத்தார். காதுகுத்து வீடுகளில் போடுவதற்குப் பழைய பாட்டுகளைப் பதிந்திருப்பதாகச் சங்கடத்தோடு சொன்னார். நல்ல டேப் என்று மனதாரப் பாராட்டவும் செய்தார். கிளம்பலாம் என்றேன். நண்பன் நகரவில்லை, ஓடட்டும் என்றான். பாட்டெல்லாம் முடிந்து டேப் வெறுமனே ஓடியது. திடீரென்று மண்டபத்தின் எதிரொலியோடு அவனுடைய கிதார் கேட்டது. அவர் பதிந்த பாட்டுகள் அந்தக் கடைசித் துண்டுக்கு எட்டவில்லை. அது தீரும் முன்பே டேப் முடிந்து பட்டன் மேலே வந்தது.

அந்தக் கேசட்டை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றார் அவர். அவன் வேண்டாமென்று தலையாட்டினான். பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து, விளிம்பிலிருந்த பிளாஸ்டிக் துண்டுகளை நெம்பி உடைத்தான். பிறகு கேசட்டை அவரிடமே கொடுத்தான்.

"இனிமே இதுல எதையும் பதிய முடியாதுண்ணே. காதுகுத்துக்கு எப்பவும் போலப் போடுங்க. கடைசி வரைக்கும் ஓட விடுங்க."