பாப்பாயியின் வெல்லத் துணி

உறையூர் சுருட்டுக் கொட்டகைப் பாப்பாயி போடும் வெல்லக் காப்பியை ஒரு வாய் குடித்தால், மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாரே படியிறங்கி வந்து இன்னொரு வாய் கேட்பார். காவேரி ஓடுவதை நிறுத்திவிட்டுக் கையில் லோட்டாவோடு நிற்கும்.

அதில் காப்பித்தூள் பேருக்குத்தான், மீதி வெல்லம். உலகச் சண்டைக் காலத்தில் பாலைக் கண்ணில் காண்பதே அபூர்வம். கொட்டகைக்கு வரும் தாய்மார் எல்லோரையும் போல அவளும் கந்தையை முடிச்சிட்டு, காப்பியில் ஊறவைத்து, மகன் அம்மாசியின் வாயில் செருகுவாள். அவன் சப்பிக்கொண்டே புகையிலை மூட்டைமேல் கிடப்பான். அழுதால் மேஸ்திரி வீரமலை வந்துவிடுவார்.

"இது கொட்டகையா, தொட்டிலா?" என்று ஒரு தரம் கேட்பார். மறுதரம் கேட்கமாட்டார், அந்தத் தாயின் இடத்தில் வேறு ஆள் வந்திருக்கும்.

மூன்று வயதுக்குள் அம்மாசியின் முன்பற்கள் கரிக்குச்சியாகிவிட்டன. "பால்பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்றார்கள். ஐப்பசி மழையில் கன்னம் வீங்கியது.

பல்லில் புழு எடுக்கிறவள் தெருவோடு வந்தாள். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டினாள். "புழு ஆழத்துல இருக்குடி. இனிப்பைக் காட்டு, மோப்பம் பிடிச்சு வெளிய வந்துடும்."

பாப்பாயி வெல்லப்பாகில் துணியைத் தோய்த்து, வீங்கின பக்கமே அடைத்தாள். பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புழு வரவில்லை. வீக்கம்தான் தாடையை விட்டு மேலே ஏறியது. விடிந்தபோது ஒரு கண் மூடிக் கிடந்தது. பிள்ளை அழவில்லை. இத்தனை நாள் அழாதே என்று வாயை அடைத்தவள், "அழுடா, ஒரு தரம் அழுடா" என்று கெஞ்சிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

நர்ஸ் லூர்துராணி பிள்ளையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னம்மா குடுத்தே?"

"காப்பிங்க. வெல்லம் போட்டது."

"எப்ப எப்ப?"

"எப்பவும்ங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. நர்ஸ் பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை. பாப்பாயி ரங்கநாதரைக் கூப்பிட்டாள், சமயபுரத்தாளைக் கூப்பிட்டாள். வெகு நேரம் கழித்து உள்ளே வீல் என்று ஓர் அலறல். கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருக்க, சிரித்துவிட்டாள். சீழைக் கீறிவிட்டு, பற்களைப் பிடுங்கினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பாப்பாயி வீட்டில் வெல்லக் காப்பியே கிடையாது. பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

நான் இதுவரை எழுதியதைப் பாப்பாயியிடம் படித்துக் காட்டியபோது, சுருட்டு உருட்டிய அவள் கை நின்றது.

"கடைசியாப் படிச்சியே, அத யாருடா சின்னையா உன்கிட்ட சொன்னா?"

"அப்படித்தானேக்கா இருக்கும்?"

"மேஸ்திரி என்ன செத்தா போயிட்டாரு? தண்ணியக் குடுத்தா இந்தச் சின்னவ சும்மா கிடப்பாளா?"

அம்மாசிக்குப் பின் பிறந்து, இப்போது மூட்டைமேல் கிடந்த சின்னவளின் வாயிலிருந்து வெல்லத் துணியை உருவி, விரலால் உதட்டைத் தூக்கினாள்.

"உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். சொல்லு, வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளைதான்க்கா."

"பார்க்காம சொல்லாதடா."