ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

மேல், கீழ் என்பதே இல்லாத இடத்தில் தண்ணீருக்குள் மாட்டிய காற்றுக்குமிழி எங்கே போகும்? நான் பள்ளியை முடித்த வாரம் சித்தி இப்படிக் கேட்டாள். இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும் திருதிருவென்று விழித்தேன்.

விண்வெளியில் புரதப் படிகம் வளர்க்கும் தட்டுகளைத் தயாரிக்கும் பட்டறையில் சித்திக்குப் பதினோரு வருட வேலை. உள்ளங்கை அகலத் தட்டில் நாற்பத்தெட்டுக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஊசியால் கரைசலை நிரப்பி மூட வேண்டும். எடையற்ற இடத்தில் படிகம் கோணாமல் வளருமாம். அதை வைத்து மருந்து தேடுவார்களாம்.

மற்றவர்கள் தட்டை மேசையில் லேசாகத் தட்டுவார்கள். குமிழி மேலேறி மூடியில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சித்தி தட்டைத் தலைகீழாக்கி லென்ஸில் பார்ப்பாள். குமிழி ஓடினால் பிரித்து மறுபடி நிரப்புவாள். விண்வெளிக்குப் போனதும் அது நடுவில் வந்து உட்கார்ந்து படிகத்தைக் கெடுத்துவிடும் என்பாள்.

மேற்பார்வையாளருக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'ஆச்சா'. நாளெல்லாம் அவர் கேட்பது அது ஒன்றுதான். ஒருமுறை அனுப்பும் நாளில் சித்தி ஒரு தட்டில் ஒன்பது குழிகளுக்கு அடியில் சிவப்புப் புள்ளி வைத்தாள். குறையுள்ள குழிக்கு அப்படி வைப்பது அங்கே வழக்கம். திரும்ப நிரப்ப ஒரு மணி நேரம் கேட்டாள்.

"ஏம்மா, இங்க மேல போற குமிழி அங்க மட்டும் போகாதா? வழி தெரியாதா அதுக்கு?" என்றார் ஆச்சா. எல்லோரும் சிரித்தார்கள். அவரே அடிப்பக்கம் முழுக்க மறையும்படி சீட்டை ஒட்டி, சரிபார்த்தவர் என்ற இடத்தில் சித்தியின் எண்ணை எழுதி அனுப்பிவிட்டார்.

தட்டு திரும்பி வந்தபோது ஒன்பது குழிகளில் படிகத்துக்குப் பதில் வெறும் தூள். தட்டை வாங்கிய ஆய்வுக்கூடத்து அம்மா நேரில் வந்து நின்றார். தவறு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் வேலை மிஞ்சும் என்று ஆச்சா சித்தியிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

சித்தி அதைத் தொடவில்லை. தட்டைத் திருப்பி, நகத்தால் சீட்டை உரித்தாள்.

"எண்ணிப் பாருங்கம்மா. இந்தப் புள்ளியெல்லாம் தட்டு போறதுக்கு முன்னாடியே நான் வெச்சது."

அந்த அம்மா எண்ணினார். தூள் கிடந்த அதே ஒன்பது குழிகள். மறுநாள் வாயிற்காவலர் சித்தியை உள்ளே விடவில்லை. வந்தவர் முன்னால் ஆச்சாவின் மானத்தை வாங்கிவிட்டாளாம். ஆச்சா அதே நாற்காலியில்தான் இருக்கிறார்; பதிவேட்டில் அந்தத் தவறு இன்னும் சித்தியின் எண்ணில் இருக்கிறது.

இப்போது எனக்கு விடை தெரியும். குமிழி தானாக வெளியே போகாது. யாராவது பார்த்து எடுக்க வேண்டும். சித்தி பார்த்தாள். இந்தக் கதையைப் படித்தவர்கள் இன்னொருவருக்காவது சொல்லுங்கள். தட்டு நிரப்புகிறவர் யாரையாவது தெரிந்தால், முதலில் அவரிடம்.