துரைசாமியின் குழாய்க்கு என் பேர் வந்த கதை

எருமப்பட்டியில் ஒரு வெள்ளைக் காரின் பானெட்டைத் தூக்கி வைத்து விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. துரைசாமியின் மகள் கௌசல்யா. எப்போதும் "பெரியப்பா, சாப்ட்டீங்களா" என்று ஆரம்பிக்கிற பிள்ளை, அன்று "பெரியப்பா, அப்பா போயிட்டாருங்க" என்று மட்டும் சொன்னது. காலையில் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நான் பேச ஆரம்பித்தால் எதிர்த்தரப்புத் தரகர்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள், அப்பேர்ப்பட்ட வாய். அன்று பானெட்டை இறக்கி மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

நாமக்கல் திருச்சி ரோட்டில், கார் ஹெட்லைட் மட்டும் பார்க்கிற கடை வைத்திருந்த துரைசாமியை, அவரிடம் வண்டி விட்ட உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சேந்தமங்கலம் ராசு. பழைய கார் வாங்கி விற்கிற தரகன். இதுவரை நான் கைமாற்றிவிட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் சேலம் தாண்டிப் போகும். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் அவரைப் பற்றி ஒரு விஷயத்தைத் தப்பாகவே எழுதுவார்கள். அந்தத் தப்பைக் கிளப்பிவிட்டவன் நான்.

அவரை முதலில் பார்த்தது ஒரு மழைக்காலத்தில். கொல்லிமலைக்குத் தினம் ஏறி இறங்கிய கார் ஒன்றை, இளம்பிள்ளை ஊரைச் சேர்ந்த சேலை வியாபாரி ஒருவருக்கு முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஹெட்லைட்டுக்குள்ளும் கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர். நானே ஆராய்ச்சி செய்து, விளக்கின் பின்பக்கம் கண்ணில் பட்ட ஓட்டைகளை எல்லாம் சிலிக்கான் பசை வைத்து அடைத்தேன். அடைத்த பிறகு தண்ணீர் இன்னும் கூடிப்போயிற்று.

"நான் அடைச்சா எறும்புகூட உள்ள போகாதுங்க" என்றேன் அவரிடம்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். "எறும்பு போகாதுங்ணா. ஈரமும் வெளிய வராது."

"அப்புறம் எதுக்கு ஓட்டை வெச்சிருக்கான்?"

"மூச்சு உடறதுக்குங்க. வெளக்கு எரிஞ்சா உள்ள காத்து சூடாகி வெளிய போகும். அணைச்சா குளுந்து, வெளிக் காத்தை இழுக்கும். நீங்க மூக்கையும் வாயையும் பொத்திப்போட்டு, ஏன் துடிக்குதுன்னு கேக்கறீங்க."

அன்று மதியம் வரை உட்கார்ந்து, மூங்கில் குச்சியால் என் பசையைச் சுரண்டி எடுத்தார். இறுகிப்போன ரப்பர் வளையத்தை மாற்றினார். விளக்குகளைச் சாக்கின் மேல் வெயிலில் மல்லாத்தி வைத்தார். சேலை வியாபாரி வந்து பார்த்தபோது கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. "எல்லாம் நம்ம மேற்பார்வை" என்று நான் சொன்னதும் துரைசாமிக்குச் சிரிப்பு வந்தது. குனிந்து சாக்கை மடிக்கிற மாதிரி மறைத்துக்கொண்டார்.

வந்த வண்டியில் பாதியை அவர் கை வைக்காமலே திருப்பி அனுப்புவார். "லேசாப் பனி புடிச்சு, வெளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரத்துல போயிருச்சுன்னா அது சும்மாங்க. சொட்டு நின்னாத்தான் என்றகிட்ட வரோணும்" என்பார். ஆனால் சொட்டு நின்ற வண்டியை மட்டும் லேசில் விடமாட்டார். ஒருமுறை எனக்கு அவசரம்; அப்படியே கொடுங்கள், விற்றுவிடுகிறேன் என்றேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சொட்டுல பட்டு வெளிச்சம் செதறும். எதுக்கால வாரவனுக்குக் கண்ணு கூசுமுங்ணா. அவனும் ஊடு போய்ச் சேரோணுமில்ல?"

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு எரிந்து சூடாக இருக்கும்போது வண்டி மழைத்தண்ணீரில் இறங்கினால், விளக்கு சட்டென்று குளிர்ந்து, அந்த மூச்சு ஓட்டை வழியாகத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும். அடைக்கவும் கூடாது, திறந்தும் இருக்கக் கூடாது. துரைசாமி இதை ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். கடைசியில் கோழிப்பண்ணையில் தண்ணீர் ஓடுகிற மெல்லிய குழாயில் விரல் நீளம் வெட்டி, ஓட்டையில் மாட்டி, வாயைத் தரைப்பக்கம் வளைத்து, முனையில் தூசி போகாமல் துளி பஞ்சு வைத்தார். காற்று போய் வந்தது. தண்ணீர் ஏறவில்லை. கண்டுபிடித்த அன்று நான் கூடத்தான் இருந்தேன். நான் செய்தது முறுக்குத் தின்றது.

அந்த வருடம் தரகர்கள் சேர்ந்து சேந்தமங்கலத்தில் கிடாவிருந்து போட்டோம். பந்தியில் குழாய்ப் பேச்சு வந்தது. "அது நம்ம யோசனைதாங்க. துரைசாமி கையால மாட்டுனாரு, அவ்வளவுதான்" என்று அடித்துவிட்டேன். சொல்லி நிமிர்ந்தால், எதிர் வரிசையில் இலைக்கு முன்னால் துரைசாமி. அவர் வந்ததை நான் பார்க்கவில்லை.

பந்தியே திரும்பியது. "அப்படீங்களா துரைசாமி? இல்ல, ராசண்ணன் வழக்கம்போல உடறாப்லயா?"

என் கையில் சோறு அப்படியே நின்றது.

துரைசாமி என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. அண்ணன் சொன்னதுதான்" என்றார். பிறகு ரசம் கேட்டார்.

அதோடு ஊருக்குள் அது ராசு குழாய் ஆகிவிட்டது. சேலத்திலிருந்து வண்டி எடுத்து வந்து, அவர் கடையிலேயே நின்று, "ராசு குழாய் மாட்டோணும்" என்பார்கள். "மாட்டிரலாமுங்க" என்பார். இப்படிப் பதினோரு வருடம். ஒருநாள்கூட அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நானும் எடுக்கவில்லை. கொஞ்ச காலத்தில் எனக்கே அது என் யோசனை மாதிரி ஆகிவிட்டது, வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

சாவு வீட்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். வயதைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முதல் நாளே நான்தான் பெரியவன் என்று அளந்திருந்தேன். அன்றிலிருந்து அண்ணா என்றே கூப்பிட்டவர். போஸ்டருக்குக் கீழே நின்றபோது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குழாயை வெச்சுத்தானுங்க மனுசன் பேர் வாங்குனாரு" என்றார். வாசலில் துரைசாமியின் மனைவி சரோஜா, பக்கத்தில் கௌசல்யா. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் கையை விடுவித்துக்கொண்டு, மாலை வைக்க உள்ளே போனேன்.

கருமாதியன்று தரகர்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். அந்தக் குழாய் துரைசாமியுடையது, முழுக்க அவர் மூளை, எனக்கு அதில் நூலளவும் பங்கில்லை என்றேன். ஒருவரும் நம்பவில்லை. "பாத்தீங்களா, போனவருக்குப் பேரைத் தூக்கிக் குடுக்கறாரு. ராசண்ணன் மனசே மனசு" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். அந்தப் புளுகைப் பதினோரு வருடம் நம்பிய ஊர், நான் சொன்ன ஒரே உண்மையை நம்பவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சரோஜாவிடம் போனேன். "அம்மிணி, நான் சொன்னது நெசம்" என்றேன்.

"தெரியுமுங்கண்ணா. கெடாவிருந்து முடிஞ்சு ஊட்டுக்கு வந்தன்னைக்கே சொல்லிட்டாரு."

"என்ன சொன்னாரு? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. 'எல்லார்த்துக்கும் முன்னால அந்தாளு மொகம் செத்துப்போச்சு சரோஜா, பாக்க முடியல. ஒரு குழாய்தான, போவுது'ன்னாரு. அன்னைக்கு வாசல்ல அந்தப் பேச்சைக் கேட்டதுலருந்து கௌசல்யாவுக்குத்தான் ஆத்தரம். இப்ப நீங்க எந்திரிச்சுச் சொல்லவும், அவ உள்ள போய் அழுதுட்டு இருக்கறா."

அந்தப் பிள்ளைக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வாயால் சொன்னதை நம்பாதவர்கள் அச்சில் வந்தால் நம்புவார்கள் என்று ஒரு ஆசை. இதைப் படிக்கிற தரகர்களே, மெக்கானிக்குகளே, வண்டிக்காரர்களே, இனிமேல் எந்தக் கடையில் கேட்டாலும் துரைசாமி குழாய் என்று கேளுங்கள். ராசு குழாய் என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துங்கள். நான் பக்கத்தில் நின்றாலும் திருத்துங்கள்.

அவர் பேர் அவருக்கே போகட்டும். நான் வைத்துக்கொள்வது வேறு ஒன்று. நான் என்ன மாதிரி ஆள் என்று முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகும், பதினோரு வருடம், நான் கடைக்குப் போன ஒவ்வொரு நாளும், துரைசாமி தன் துண்டால் தூசி தட்டி எனக்கு நாற்காலி போட்டார்.