டெய்லர் பாயின் மூட்டை

எங்கள் குழு எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாடகம். ஒரு ஊரே பயந்துபோய், அக்கம்பக்கத்தாரை ஆளுக்கு ஆள் சூனியக்காரர்கள் என்று கைகாட்டும் கதை. இந்தக் காலத்துக்கு இது பொருந்துமா என்று சாரம் பகுதியில் ஒரு மாடி ஹாலில் மூன்று வாரம் விவாதித்தோம். பொருந்தும் என்று அதிகம் பேசியது நான்தான்.

கூட்டக் காட்சிக்கு இயக்குநர் ஒரு வழி வைத்திருந்தார். "பக்கத்துல நிக்கிறவங்க சொன்னதையே திருப்பிச் சொல்லுங்க. ஆனா கொஞ்சம் கூட்டிச் சொல்லணும்." எங்களுக்கு வரவே இல்லை.

ஒரு ஞாயிறு காலை, பிள்ளை பிடிக்கிறவர்கள் மூட்டையோடு திரிகிறார்கள் என்று போனில் ஒரு செய்தி வந்தது. 'உண்மையா தெரியல, எதுக்கும் ஜாக்கிரதை' என்று எழுதி, முத்தியால்பேட்டையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்து வந்தால் தெருவில் சத்தம். கூட்டத்தின் நடுவே எங்கள் நாடகத்துக்கு உடை தைக்கும் டெய்லர் பாய். உடைகளை மூட்டையாகக் கட்டி என் வீட்டுக்குக் கொண்டுவந்தவர், விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் வழி கேட்டிருக்கிறார்.

"பாப்பாகிட்ட என்னா பேச்சு?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"பாப்பா கையப் புடிச்சான்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"புடிச்சு இழுத்தான்!" இது அவருக்குப் பக்கத்தில் நின்றவர்.

ஒத்திகையே இல்லாமல் எங்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

ஒருவர் மூட்டையை உதறினார். நீதிபதிகளுக்கான நீளக் கறுப்பு அங்கிகள் விழுந்தன. "டிராமாவுக்குங்க," என்றார் பாய். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஒருவர் அவர் காலரைப் பிடித்தார், இன்னொருவர் செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, விடுங்க! நம்ம டெய்லருண்ணே. எங்க வூட்டுக்குத்தான் வந்தாரு," என்று உள்ளே புகுந்தேன்.

"காலைல நீதானம்மா மெசேஜ் போட்ட?" அக்கா போனை நீட்டினார்.

நாடகத்தில் கடைசியில் உண்மையைச் சொல்பவள் நான். இரண்டு பக்க வசனம், தண்ணீர் பட்ட பாடு. இங்கே ஒரே வரி, அதையும் அக்காவின் போனைப் பார்த்தே சொன்னேன்.

"அது பொய்க்கா. விசாரிக்காம நான்தான் போட்டுட்டேன்."

காலரைப் பிடித்த கை விடவில்லை. இன்னொரு தரம் கத்திச் சொன்னேன்.

"பொய்யாம்பா," என்றார் அக்கா.

"நான் அப்பவே நெனச்சேன்," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"நான் அப்பவே சொன்னேன்!" என்றார் செருப்புக்காரர், அதைக் காலில் மாட்டியபடி.

பாய் அங்கிகளைத் தூசி தட்டி மடித்து என்னிடம் கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று மாலை ஒத்திகையில், தலைமை நீதிபதியாக நடிப்பவருக்கு அங்கி தோளில் இறுகியது. மறுநாள் அங்கியோடு கடைக்கு நானே போனேன். பாய் முந்தின நாள் போட்டிருந்த சட்டையில், காலரடியில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"உக்காரும்மா, இது முடியட்டும்," என்றார்.

உட்கார்ந்தேன்.